தாடியோடு கேட்ட மன்னிப்பு

டிசம்பர் 1

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பதால் எழுதினேன். வேறு காரணம் கிடையாது.

நேற்று நீங்கள் போன் செய்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். 'குளிக்கிறாள்' என்று அம்மா சொன்னது பொய். போன கிறிஸ்துமஸிலிருந்து உங்கள் போன் வரும்போதெல்லாம் நான் குளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை பதினான்கு முறை. உங்களோடு பேசுவதில்லை என்பது என் முடிவு. எழுதுவதில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு இரண்டு வருடம் என்று நம் வீட்டில் பேசி வைத்திருப்பதால், இந்த வருடமும் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் உங்களுடையது. பிள்ளைகள் பிஸ்கட் டப்பாவில் கடிதம் போடுவதும், தாத்தாவின் பதிலைப் பச்சை மையில் நான் எழுதுவதும் வழக்கம். பச்சை மையில் எழுதியது நடந்தே தீர வேண்டும் என்ற சட்டம் ஏன் வந்தது என்பது உங்களுக்கு மறந்திருக்காது. மாமா தாத்தாவாக இருந்த வருடம், எழுதிக் கொடுத்த ரயில் பொம்மையை வாங்க மறந்துவிட்டார். தம்பி பட்டாசு இரண்டு நாள் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலேயே குடியிருந்தான். தட்டை அங்கேதான் தள்ளினோம்.

இந்த வருடம் தாத்தா கொடுத்திருக்கும் வாக்குகள் பின்வருமாறு.

பட்டாசு (வயது ஏழு) சைக்கிளுக்கு மணி கேட்டிருந்தான். மணி தருவதோடு, ஒரு முழுப் பாட்டைச் சொந்தக் குரலில் பாடி, பாட்டு முடியும்வரை நிற்காமல் ஆடுவதாகவும் தாத்தா எழுதியிருக்கிறார்.

அத்தை மகன் பூசணி (வயது ஐந்து) வாத்துப் பொம்மை கேட்டிருந்தான். பொம்மை எதற்கு, உயிருள்ள வாத்தையே மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று தாத்தா எழுதிவிட்டார்.

தங்கச்சி கொசு (வயது மூன்று) ஒன்றும் கேட்கவில்லை. தாத்தாவுக்குத் தானே சமைத்துப் போடுவதாகச் சொன்னாள். ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன் என்பது தாத்தாவின் பதில். கொசுவின் சமையலில் இப்போது ஈர மணலும் பொடித்த சாக்பீஸும் இருக்கின்றன. நேற்று வாசனைக்காகப் பற்பசை சேர்த்தாள்.

மூன்று பேரும் இன்று காலையில் கடிதங்களை எடுத்துவிட்டார்கள். இனி மாற்ற முடியாது. எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
உங்களோடு பேசாத அண்ணன் மகள்


டிசம்பர் 5

அன்புள்ள எழுத்தாளர் அம்மா அவர்களுக்கு,

லிஃப்ட் சோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பன்னிரண்டு மாடிக்கு நான்கு லிஃப்ட் மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். சாக்பீஸ் வரும்வரை தாக்குப்பிடித்தேன். பற்பசையில் சிரித்துவிட்டேன். கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே போய், ஃபோர்மேன் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி விழுந்தது. "மேல என்னடா, கல்யாணமா நடக்குது?" என்று கத்தினார். அந்தத் திட்டு உன் கணக்கில்.

போன வருஷத்து விஷயத்தை இன்னுமா பிடித்துக்கொண்டிருக்கிறாய்? அது விளையாட்டும்மா. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

சரி, உனக்குச் சண்டைதான் வேண்டுமென்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. பச்சை மை உன் ஊரில் மட்டும் விற்பதில்லை. இங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பாட்டில் கிடைத்தது. உன் கையெழுத்தை இரண்டு நாள் பார்த்துப் பழகிவிட்டேன். பிள்ளைகளுக்குத் தாத்தா நேராகவே ஒரு கடிதம் போட்டிருக்கிறார். இதற்கு முன்னாலேயே வந்திருக்கும்.

வாத்து என்ன சாப்பிடும் என்று கேட்டு எழுது.

சித்தப்பா


டிசம்பர் 9

சித்தப்பா அவர்களுக்கு,

தாத்தாவின் கடிதம் வந்தது. 'உங்கள் அக்கா நல்ல பிள்ளைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவள் செய்யும் தப்புகளைக் கவனித்து எழுதி வையுங்கள். அதிகம் எழுதுபவருக்குப் பெரிய பரிசு. தினமும் காலை ஐந்தரைக்கு அவளை எழுப்புங்கள், என் மான்கள் எழும் நேரம் அதுதான்.' இதைப் பட்டாசு நாற்காலியில் ஏறி நின்று எல்லாருக்கும் படித்துக் காட்டினான். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். தாள் குலுங்கியது.

மூன்று நாட்களாக என் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தரைக்குத் தட்டும் கரண்டியும் என் காதருகே மோதுகின்றன. கொசுவுக்குக் கரண்டி குறி தவறுகிறது. என் நெற்றியில் இப்போது ஒரு புடைப்பு இருக்கிறது. வரலாற்றுப் பரீட்சையில் இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் நடுவில் தூங்கிவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் தோளைத் தட்டி, "மன்னர் எழுந்துட்டாரா?" என்று கேட்டார்.

பட்டாசின் நோட்டிலிருந்து சில வரிகளைப் பார்த்து எழுதுகிறேன். 'அக்கா கண்ணாடி முன்னாடி நின்னு பேசுது. பக்கத்துல யாரும் இல்ல.' 'அக்கா புத்தகத்த மோந்து பாக்குது.' 'அக்கா பாத்ரூம்ல ரொம்ப நேரம். நான் வெளிய 200 வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.'

பூசணிக்கு இன்னும் எல்லா எழுத்தும் வராது. அதனால் என் தப்புகளை என்னையே எழுதித் தரச் சொல்கிறான். நேற்று மாடியில் இருக்கும் அத்தை வீட்டிலிருந்து நோட்டோடு இறங்கி வந்து, "அக்கா, நீ என்னோட கேக்குத் துண்டத் திருடித் தின்ன இல்ல, அத இதுல எழுதிக் குடு," என்றான். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தான். கொசு என் தப்பு ஒவ்வொன்றுக்கும் கூடத்துச் சுவரில் ஒரு கோடு போடுகிறாள். சுவருக்கு யார் திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? "நீதானே பெரியவ, பாத்துக்கிட்டு நிக்கிற," என்றார் அம்மா.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். 'விளையாட்டு' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. அதனால் நடந்ததை ஒருமுறை எழுத்தில் வைக்கிறேன்.

போன கிறிஸ்துமஸ் காலை பத்து மணிக்குத் தாத்தா வேஷத்தில் கூடத்தில் உட்கார்ந்து மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். பட்டாசுக்குப் பந்து, பூசணிக்குச் சட்டை, கொசுவுக்குக் கிலுகிலுப்பை. அடுத்து நீல அட்டை நோட்டு ஒன்றை எடுத்தீர்கள். அது என் பைக்குள், பூகோளப் புத்தகத்துக்கும் அட்லஸுக்கும் நடுவில் இருந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அங்கே வைத்திருந்தேன். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்ப்பவருடைய மகளைப் பற்றி நான் மூன்று மாதம் எழுதிய கதையைத் தாத்தா குரலில் 'ஹோ ஹோ' சேர்த்து வாசித்தீர்கள். அப்பாதான் முதலில் சிரித்தார், சத்தமாகவும் அவர்தான். அத்தைக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. 'அவள் கண்ணீர் கீழே விழவில்லை. கோபித்துக்கொண்டு கண்ணுக்குள்ளேயே திரும்பிப் போனது' என்ற வரியை நீங்கள் இரண்டு முறை வாசித்தீர்கள். இந்த ஒரு வருடமாக அத்தை வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "ஏன்டி, என் கண்ணீரு கோவிச்சுக்கிட்டு உள்ள போக மாட்டேங்குதே," என்கிறார். மாமா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது மாதிரி சிரிக்கிறார்.

அந்தக் கதையை நான் அதற்குப் பிறகு தொடவில்லை. உட்கார்ந்து ஒரு வரி யோசித்தாலே உங்கள் 'ஹோ ஹோ' காதில் கேட்கிறது.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். எல்லார் முன்னாலும் வாசித்தீர்கள். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை பச்சை மை தீராது. நேற்று தாத்தா அனுப்பிய இன்னொரு கடிதத்தின்படி, வாத்தைக் குளிப்பாட்டப் போவதும் அவர்தான்.

வாத்து ஊற வைத்த தானியம் சாப்பிடும். நூலகத்தில் பார்த்தேன்.

இப்படிக்கு,
அதே அண்ணன் மகள்


டிசம்பர் 13

அம்மாடி,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் கேலிதான் வருகிறது. எனக்கு அது ஒரு வியாதி. நான்கு படிவத்தைக் கசக்கி எறிந்தேன். ஸ்டோர்கீப்பர் எண்ணிப் பார்த்துவிட்டு, "சோதனை நடந்துச்சா, இல்ல காதல் கடிதமா?" என்று கேட்டார்.

பையைத் திறந்து எடுத்தது தப்பு. உண்மையாகவே மூட்டையில் மிச்சப் பரிசு இருக்கிறதா என்று தேடித்தான் கையை விட்டேன், உன் பையும் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆனால் நோட்டு கைக்கு வந்ததும் அது பரிசு இல்லை என்று எனக்குத் தெரியாமல் போகவில்லை. வாசித்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆரம்பத்தில் நான் நல்ல குரலில்தான் வாசித்தேன். நீ கவனித்தாயோ இல்லையோ. நான்காவது பக்கம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசிலிருந்து நான் அழுதால் அவர் விடவே மாட்டார், ஊருக்கெல்லாம் சொல்லுவார். அந்தப் பயத்தில் 'ஹோ ஹோ' போட்டேன். அதற்கப்புறம் நிறுத்தத் தெரியவில்லை.

மன்னிப்புதானே, கேட்டுவிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று, ஆடிப் பாடி, வாத்தைக் கொடுத்து, சாக்பீஸைத் தின்று முடித்தபிறகு, எல்லார் முன்னாலும். இத்தோடு சமாதானம். தட்டையும் கரண்டியையும் நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தாத்தா எழுதிவிட்டார்.

சித்தப்பா


டிசம்பர் 17

சித்தப்பாவுக்கு,

தட்டும் கரண்டியும் நின்றுவிட்டன. நன்றி. சுவரில் கோடு மட்டும் நிற்கவில்லை. கொசுவுக்குத் தப்பைவிடக் கோடுதான் பிடித்துப்போயிருக்கிறது.

மன்னிப்பைப் பற்றி ஒரு நிபந்தனை. தாடி இருக்கக் கூடாது.

அன்று தாடிக்குள் உட்கார்ந்துதான் வாசித்தீர்கள். அதனால்தான் யாரும் உங்களைத் திட்டவில்லை. 'தாத்தா படிச்சார், தாத்தா சிரிக்க வெச்சார்' என்று போய்விட்டது. இப்போது மன்னிப்பையும் தாத்தாவே கேட்டால், அதுவும் வாத்து மாதிரி ஒரு வேடிக்கையாகிவிடும். அத்தைக்கு மறுபடியும் விக்கல் வரும். உங்கள் சொந்த முகத்தில், உங்கள் சொந்தக் குரலில், அன்று இருந்த எல்லாரும் இருக்கும்போது கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

தொண்டை அடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான்காவது பக்கத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. சமாதானத்துக்காக யார் வேண்டுமானாலும் ஒரு பக்க எண்ணைச் சொல்லலாம்.

அண்ணன் மகள்


டிசம்பர் 21

அம்மாடி,

நான்காவது பக்கத்தில் அவள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறாள். அவர் இல்லை, கண்ணாடி மட்டும் இருக்கிறது. இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அவர் கை எட்டும் இடத்தில் வைக்கிறாள். போதுமா?

தாடிக்கு வருகிறேன். நீ சொன்னது நியாயம், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று கூடத்தில் இருந்தவர்களை எண்ணிப் பார். அண்ணன், அண்ணி, மாடியிலிருந்து அக்காவும் மாமாவும். மீதி மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தாவின் தாடிக்குப் பின்னால் என் முகம் இருப்பதை அந்த மூன்று பேரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பிஸ்கட் டப்பாவில் யாரும் கடிதம் போட மாட்டார்கள்.

இதைச் சொல்லி உன்னை மடக்கப் பார்க்கவில்லை. உன் நோட்டை எடுத்தது நான், எனக்குப் பேரம் பேச உரிமை இல்லை. அன்று எல்லாம் முடிந்ததும் எழுந்து நின்று தாடியில் கை வைப்பேன். உன்னைப் பார்ப்பேன். நீ தலையை ஆட்டினால் கழற்றிவிடுவேன்.

கிறிஸ்துமஸ் நெரிசலில் தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது. அந்தப் பக்கம் லீவில் போகும் ஸ்டோர்கீப்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் வாத்து விற்கும் இடத்தையும் விசாரித்துவிட்டேன்.

சித்தப்பா


டிசம்பர் 27

சித்தப்பாவுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று மதியமே பஸ் ஏறிவிட்டீர்கள். தாடியின் பஞ்சு கண்ணை மறைத்ததால் நீங்கள் பலவற்றைப் பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வாத்து நல்ல வாத்து. ஆனால் உங்கள் பாட்டு அதற்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே உங்கள் கையிலிருந்து குதித்துக் கிறிஸ்துமஸ் குடிலுக்குள் ஓடி, மூன்று ஞானிகளில் ஒருவரைத் தட்டிவிட்டு வைக்கோலில் உட்கார்ந்துகொண்டது. பூசணி அதை இழுக்கப் போனபோது குடிலே அவன் தலைமேல் சாய்ந்தது. நீங்கள் ஆடுவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஐந்து சரணமும் பாடினீர்கள். அத்தையின் புது உடுப்பில் வாத்து செய்த காரியம் மூன்று முறை துவைத்தும் போகவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கொசுவின் சாப்பாட்டை நீங்கள் கைக்குள் மறைத்துக் கீழே போடுவீர்கள் என்று நினைத்தேன். அதைப் பிடிப்பதற்காகவே பக்கத்தில் நின்றேன். நீங்கள் உண்மையாகவே தின்றீர்கள். பல்லில் மணல் நறநறத்தது எனக்குக் கேட்டது. "இன்னும் வேணுமா தாத்தா?" என்று அவள் கேட்டபோது நீங்கள் "போடும்மா" என்றீர்களே, அந்த இடத்தில் எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் வழுக்கியது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

பிறகு நீங்கள் எழுந்தீர்கள். "போன வருஷம் இதே இடத்துல ஒரு தப்பு நடந்துச்சு," என்று உங்கள் சொந்தக் குரலில் சொன்னீர்கள். அப்பா செய்தித்தாளைத் தேடினார், அம்மா அதன்மேல் உட்கார்ந்து மறைத்துவிட்டார். நீங்கள் தாடியில் கை வைத்து என்னைப் பார்த்தீர்கள்.

நான் தலையாட்டத் தயாராகத்தான் வந்திருந்தேன். காலையில் கண்ணாடி முன்னால் பத்து முறை ஆட்டிப் பார்த்தேன். பட்டாசு அதையும் நோட்டில் எழுதினான். ஒரு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்த நிமிடம் அது. அப்போது பூசணி, "தாத்தாவுக்குத் தாடி அரிக்குது," என்றான். கொசு நாற்காலியில் ஏறி, "நான் சொறிஞ்சு விடறேன்," என்று இரண்டு கையாலும் உங்கள் தாடியைச் சொறிய ஆரம்பித்தாள். அவ்வளவு கவனமாக. உங்களுக்கு வலிக்கக் கூடாதாம்.

நான் தலையைக் குறுக்கே ஆட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். தாடியோடேயே சொன்னீர்கள்: "பையிலேருந்து எடுத்து வாசிச்சது தப்பு. நான் பண்ணினது. மன்னிச்சுக்கோம்மா."

யாரும் சிரிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பட்டாசு என்னிடம் வந்து, "தாத்தா உன்ன என்னக்கா பண்ணினாரு?" என்று ரகசியமாகக் கேட்டான். பாவம், எதுவுமே செய்யாத தாத்தாவின்மேல் பழி விழுந்துவிட்டது. பெரியவர்கள் நான்கு பேரும் உடனே கேக்கை எடுத்துக்கொண்டார்கள். அதனால் அந்த மன்னிப்பு செல்லாது.

கொசுவுக்கு மூன்று வயது. எட்டு வயதுவரை அவள் தாத்தாவை நம்புவாள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஐந்து வருடம். எனக்கு அப்போது பதினெட்டு ஆகியிருக்கும். என்னால் காத்திருக்க முடியும். நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்து மாடியில், அத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. அத்தைக்கு இது பிடிக்கவில்லை.

அண்ணன் மகள்


ஜனவரி 1

அம்மாடி,

ஐந்து வருடம் என்னால் முடியாது. பன்னிரண்டாவது மாடியில் நின்றுகொண்டு வேலை செய்கிறவன், இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

தாடி இல்லாமல் சொல்லத்தானே வேண்டும். நேற்று லீவு. அறையில் உட்கார்ந்து நான்கு கடிதம் எழுதினேன். அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, அக்காவுக்கும் மாமாவுக்கும் தனித்தனியாக. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதவில்லை, தாள் வாங்கினேன். அடுத்தவர் பையிலிருந்து எடுத்து வாசித்தேன், நன்றாக இருந்ததைக் கேலியாக்கினேன், எனக்கு அழுகை வந்ததை மறைக்க ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தேன், அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன். அழுகை விஷயத்தை அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். இனி அவர் ஊருக்கெல்லாம் சொல்லட்டும்.

நான்கும் ஒரே நாளில் வந்து சேரும். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தேவையில்லை. பெரியவர்கள் படிக்கும்போது நீ எதிரே நின்று முகத்தைப் பார்த்துக்கொள்.

சித்தப்பா


ஜனவரி 6

சித்தப்பா,

நேற்று மாலை கடிதங்கள் வந்தன. நான் நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் கொடுத்து, படித்து முடிக்கும்வரை நகராமல் நின்றேன்.

அம்மா படித்துவிட்டு என் தலையில் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். மாமா இரண்டாவது வரியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தூசி," என்றார். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் தண்ணீர் வழிந்தது, என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த மூடிய வாயை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். ஒரு வருட வெங்காயத்துக்கு அது போதும்.

அப்பா நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார். "சின்னவனுக்கு அழுக வந்துச்சா?" என்றார். "ஆமாப்பா," என்றேன். "எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். அவன் முகத்த பார்த்துட்டுத்தான் நான் முதல்ல சிரிச்சேன்," என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போலக் கடிதத்தை நான்காக மடித்தார்.

உங்கள் விஷயம் முடிந்தது. போன் செய்தால் நான் குளிக்க மாட்டேன்.

ஆனால் தொடங்கி வைத்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் தாத்தா வேஷம் அப்பாவின் முறை. அவர் சின்ன வயதில் எதற்கெல்லாம் பயப்படுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். மிருகங்களைத் தனியாக எழுதவும்.

அன்புள்ள,
உங்கள் அண்ணன் மகள்